கோவேறு கழுதை

தளபதிகளின் உருவப்படங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் நம் விமர்சகர்கள் எண்ணெய் வண்ணத்தின் மரபான நேர்த்தியைச் சிலாகிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த நேர்த்தி யாருக்கு ஊழியம் செய்கிறது என்ற கேள்வி எழுவதேயில்லை.

1800இல் நெப்போலியன் ஆல்ப்ஸைக் கடந்தது கோவேறு கழுதை மீதேறி. 1801 முதல் 1805 வரை ழாக் லூயி தாவீத் ஐந்து முறை தீட்டியதோ, முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரையை. முகம் பார்த்து வரைய அமரவும் நெப்போலியன் இசையவில்லை.

1850இல் தெலாரோஷ் தீட்டிய படத்தில் குளிரில் ஒடுங்கிய மனிதரைக் கோவேறு கழுதை சுமந்து செல்கிறது. தெலாரோஷும் தாவீதின் மாணவரான க்ரோவிடம் பயின்றவர்தான். கையாண்டதும் அதே எண்ணெய் வண்ணம்.

முன்னது அதிகாரத்துக்கான விளம்பரம். பின்னது ஒரு மனிதனின் சித்திரம். இரண்டையும் 'நேர்த்தி' என்ற ஒரே சொல்லால் அளக்கும் விமர்சனத்தை என்னால் ஏற்க இயலாது.