பசித்த வயிற்றில் பாடம் ஏறுமா?

காலை முதற்பாட வேளையில் கரும்பலகையைப் பாராமல் சாளரத்துக்கு வெளியே வெறித்திருக்கும் சிறுவனை 'மண்டு' என்றும் 'சோம்பன்' என்றும் ஏசும் ஆசிரியர் உளர். முந்தைய இரவு அவன் என்ன உண்டான், விடிந்தபின் எதையேனும் உண்டானா என்று கேட்கும் ஆசிரியர் அரியர். அறிவுக்குறைவுக்கும் பசிக்கும் வகுப்பறையில் தோற்றம் ஒன்றே. இரண்டிலும் கண் செருகும், கேட்ட வினாவுக்கு விடை வாராது, கையெழுத்துத் தள்ளாடும். பசிக்கு மருந்தாகப் பிரம்படி தந்தே கழிந்த தலைமுறைகள் தமிழ்நாட்டில் பல.

இவ்வுண்மையை நூறாண்டுகட்கு முன்பே உணர்ந்தோர் இருந்தனர். 1920-இல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகட்கு நண்பகலுணவு வழங்க முடிவெடுத்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு! வேறு சில பள்ளிகட்கும் அது பரவிற்று, வருகையும் பெருகிற்று. ஆனால், தொடக்கக் கல்விப் பணத்தினின்று சோற்றுக்குச் செலவிடல் ஆகாதென ஆங்கில ஆட்சி மறுத்ததால் 1925-இல் அது நின்றது. இதே ஆங்கிலேயர் தம் நாட்டில் 1906-ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகட்கு உணவளிக்கச் சட்டம் இயற்றிக் கொண்டவர்கள். போயர் போருக்குப் படைக்கு வந்த இளைஞருள் பலர் உடல்நலிவால் தள்ளப்பட்டபோது அவர்கட்குக் கண் திறந்தது. தம் பிள்ளைக்குச் சோறு கல்வியின் பகுதி. தமிழ்ப்பிள்ளைக்கு அது வீண்செலவு!

பின்னர் முதலமைச்சர் காமராசர் 1956-இல் ஊராரின் கொடையையும் அரசின் பொருளையும் ஒருங்கு சேர்த்து நண்பகலுணவை நாடெங்கும் கொண்டு சென்றார். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதற்குத் தோள்கொடுத்தார். மாடு மேய்க்கப் போன கால்கள் பள்ளி நோக்கித் திரும்பின. 1982-இல் ம.கோ.இரா. சத்துணவுத் திட்டமாக அதனை விரித்தார். முட்டை பின்னர் வந்தது. இவை நாடறிந்த செய்திகள்.

நாடு அவ்வளவாக எண்ணிப் பாராத ஒன்றுண்டு. நண்பகலுணவு பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைத்தது; ஆனால் பள்ளி தொடங்குவது காலையில். கணக்கும் மொழியும், மூளைக்கு உழைப்பு மிகுந்த பாடங்கள் எல்லாம், பெரும்பாலும் முற்பகலில் நடப்பவை. விடியற்காலையில் கூலி வேலைக்குச் சென்றுவிட்ட தாயின் பிள்ளை, பழஞ்சோறோ வெறுந்தேநீரோ குடித்துவிட்டு, அல்லது அதுவுமின்றி, அப்பாடங்களைக் கேட்டது. கேட்டது என்று சொல்வதும் மிகை. சோற்று மணிக்குக் காத்திருந்தது. உணவு கிடைத்தபின் உண்ட களைப்பு! அரசு கொடுத்த சோறு அரசு நடத்திய பாடத்துக்குப் பாதி நாள் பிந்தியே வந்தது. இந்த ஓட்டையை அடைக்க 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு மதுரையில் காலையுணவுத் திட்டம் தொடங்கி, 1,545 பள்ளிகளில் நடைபெற்று, 2023-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் சென்றது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாரும் எளிய உணவே. ஆயினும் முதற்பாட வேளைக்கு முன் அவை வயிற்றில் இருக்கின்றன. அதுவே அவற்றின் பெருமை.

'பிள்ளைகள் சோற்றுக்கு வருகின்றனரே அன்றிப் படிப்புக்கு வரவில்லை' என்பது பழைய ஏளனம். சோற்றுக்கே வரட்டும்! வந்த பிள்ளையைப் பாடத்தில் நிறுத்துவது ஆசிரியரின் தொழில். 'பசியோடு படித்து உயர்ந்தோர் இலரோ?' என்று வேறு சிலர் கேட்பர். உளர், உயர்ந்தவன் மேடையேறித் தன் கதையைச் சொல்கிறான். அவனோடு ஒரே பலகையில் அமர்ந்து, மூன்றாம் வகுப்போடு நின்று, செங்கற்சூளைக்குப் போனவனுக்கு மேடை ஏது? கேள்விச் செல்வத்துக்குப் பின்னரே வயிற்றை வைத்தார் வள்ளுவர் என்று முழங்குவாரும் உண்டு. அது உண்டு நிறைந்தவனின் நாவை அடக்கச் சொன்னது. உண்ணாத குழந்தையின் வாயை அடைக்கச் சொன்னதன்று. செல்வன் தன் பொருளைக் காத்துவைக்கத் தக்க இடம் வறியவனின் பசித்த வயிறே என்று அவரே ஈகை அதிகாரத்தில் அறிவுறுத்தியதை இவர்கள் எடுத்துரைப்பதில்லை.

அமெரிக்க உளநூலறிஞர் மாசுலோ 1943-இல் மாந்தத் தேவைகளை வரிசைப்படுத்தியபோது, உணவு, நீர், உறக்கம் ஆகியவற்றை அடியிலும், காப்புணர்வு, அன்பு, மதிப்பு ஆகியவற்றை அவற்றின் மேலும் வைத்தார். ஆசிரியப் பயிற்சியில் இதனைப் படித்துத் தேர்வெழுதாதார் இலர். வகுப்பறைக்குள் அதனைக் கொண்டு வந்தார்தாம் குறைவு. தாழில்லாத கழிப்பறைக்கு அஞ்சி, காலை முதல் மாலை வரை ஒரு வாய் நீரும் அருந்தாத பெண்பிள்ளைக்குத் தலைவலி வரும். அத்தலைவலிக்கு 'படிப்பில் ஊக்கமில்லை' என்று பெயர் சூட்டப்படும். ஒரு தாழ்ப்பாளின் விலை என்ன?

மதிப்பும் உணவுதான். தட்டில் சோற்றை எறிவது போல் இடும் கை, அச்சோற்றின் பயனில் பாதியைப் பறித்துக் கொள்கிறது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் சமைத்தாள் என்று பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை உண்ண விடாது தடுத்த இழிவும் தமிழ் மண்ணில் நேர்ந்ததே. அத்தகைய பள்ளியில் அப்பெண்ணின் மகனும் படிக்கிறான் என்றால், அவன் அன்று எந்தப் பாடத்தைக் கற்றிருப்பான்?

காலையுணவு 2025 வரை 5-ஆம் வகுப்போடு நின்றது. 6-ஆம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குப் பள்ளி பெரும்பாலும் அடுத்த ஊரில். நடை கூடுகிறது, பாடம் கூடுகிறது, எலும்பும் தசையும் விரைந்து வளரும் அகவையும் அதுவே. அங்கே காலையுணவு இல்லை. முன்பு சத்துணவும் சிறு குழந்தைகளுக்கென்றே தொடங்கிற்று. ஆனால் ஈராண்டில், 1984-இல், 10-ஆம் வகுப்பு வரை நீட்டப்பட்டது. அன்று இயன்றதைக் காலையுணவுக்கும் செய்யுமாறு அரசைக் கேட்கும் கடமை, பெற்றோர்க்கு முன் ஆசிரியர்க்கே உரியது; முதற்பாட வேளையில் அப்பிள்ளைகளின் முகத்தை நாள்தோறும் காண்பவர் அவரே.