வெளிநாட்டு மிஷன் நிதி: கணக்குக் கேட்கும் அரசும் கைவிடப்படும் குழந்தைகளும்

புது தில்லி: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட "கம்பேஷன் இன்டர்நேஷனல்" என்ற கிறிஸ்தவ உதவி அமைப்பு, 2017 மார்ச் 15-ம் தேதி இந்தியாவில் தனது பணிகளை முடித்துக்கொண்டது. 1968 முதல் இங்கே செயல்பட்டு வந்த அமைப்பு அது. மூடப்பட்ட நேரத்தில் அதன் நிதியால் நடந்துவந்த மையங்கள் 589. அவற்றின் மூலம் உணவு, கல்வி, மருத்துவ உதவி பெற்றுவந்த ஏழைக் குழந்தைகள் சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம் பேர்.

அந்த அமைப்பின் மீது எந்த நீதிமன்றத்திலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. மத்திய உள்துறை அமைச்சகம் 2016-ம் ஆண்டு அதனை "முன் அனுமதி" பட்டியலில் சேர்த்தது. அதாவது, அந்த அமைப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் வங்கிகள் முதலில் அமைச்சகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒப்புதல் வரவில்லை. பணம் நின்றது, மையங்களும் நின்றன. மதமாற்றத்துக்கு நிதி பயன்படுத்தப்பட்டது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அதனை அமைப்பு மறுத்தது.

இது தனித்த நிகழ்வு அல்ல. அன்னை தெரசா நிறுவிய மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபையின் வெளிநாட்டு நிதிப் பதிவைப் புதுப்பிக்க 2021 கிறிஸ்துமஸ் நாளன்று மத்திய அரசு மறுத்தது. சென்னையிலிருந்து இயங்கும் வேர்ல்ட் விஷன் இந்தியா நிறுவனத்தின் பதிவு 2024 ஜனவரியில் ரத்தானது. அதே ஆண்டு ஏப்ரலில் திருச்சபைகளின் சமூகப் பணி அமைப்பான "காசா" உள்ளிட்ட ஐந்து அமைப்புகளின் பதிவு ரத்துசெய்யப்பட்டது.

வெளிநாட்டிலிருந்து மதத்தின் பெயரால் வரும் உதவியைக் கண்காணிக்க அரசுக்கு உரிமை உண்டா என்பது இங்கே கேள்வியே அல்ல. அந்த உரிமை உண்டு. அது எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

எல்லா அரசுகளின் ஆயுதம்

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பாரதிய ஜனதா அரசின் படைப்பு அல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த சட்டம் அது. "அந்நியக் கை" குறித்த அன்றைய அச்சமே அதற்கு அடிப்படை. 1984-ல் செய்யப்பட்ட திருத்தம் பதிவைக் கட்டாயமாக்கியது. மன்மோகன் சிங் அரசு 2010-ல் இயற்றிய புதிய சட்டம், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதியைச் சேர்த்தது.

கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டத்தின் பின்னணியில் அமெரிக்க, ஸ்காண்டிநேவியத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக 2012-ல் மன்மோகன் சிங் வெளிப்படையாகக் குற்றம் சாட்டியதையும், தென் மாவட்டங்களில் சில தொண்டு நிறுவனங்களின் வெளிநாட்டு நிதிக் கணக்குகள் முடக்கப்பட்டதையும் தமிழக வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்சியில் இருப்பவர் மாறினாலும், இந்தச் சட்டத்தின் மீது அவர்களுக்குள்ள பிரியம் மாறவில்லை.

2020-ம் ஆண்டுத் திருத்தம் பிடியை மேலும் இறுக்கியது. வெளிநாட்டு நிதியை ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு வழங்குவது தடைசெய்யப்பட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நாட்டின் எந்த மூலையில் இயங்கும் அமைப்பானாலும், தில்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் முதலில் பணத்தைப் பெற வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இத்திருத்தங்களை உறுதி செய்தது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமை ஆகாது என்றும் அது கூறியது.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

கிறிஸ்தவ மிஷன்கள் மீதான சந்தேகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மத்தியப் பிரதேச அரசு 1954-ல் அமைத்த நியோகி குழு, 1956-ல் அளித்த அறிக்கையில், மதமாற்றத்தையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வெளிநாட்டு மிஷனரிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரிசா 1967-லும் மத்தியப் பிரதேசம் 1968-லும் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றின. மதத்தைப் பரப்பும் உரிமை, பிறரை மதம் மாற்றும் உரிமையை உள்ளடக்காது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 2002-ல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது.

இந்தச் சந்தேகத்தை வெறும் அரசியல் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. குழந்தைகளை "இயேசுவின் பெயரால்" வறுமையிலிருந்து விடுவிப்பதே தன் நோக்கம் என்று கம்பேஷன் அமைப்பே அறிவித்துக்கொள்கிறது. உள்ளூர்த் திருச்சபைகள் மூலமாகவே அது பணியாற்றுகிறது. பசித்த குழந்தையின் தட்டில் விழும் சோற்றோடு வேதபாடமும் சேர்ந்து வரும்போது, அக்குடும்பத்தின் தேர்வு எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி நியாயமானதே.

இதனை உதவி அமைப்புகளே உணர்ந்துள்ளன. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-ல் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகள், நிவாரண உதவியை ஒரு குறிப்பிட்ட அரசியல் அல்லது மத நிலைப்பாட்டை வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. அந்த விதிகளை முன்மொழிந்த அமைப்புகளில் கத்தோலிக்கத் திருச்சபையின் காரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் அடங்கும். விதி இருக்கிறது, எல்லா மிஷன்களும் அதனை ஒரே அளவில் கடைப்பிடிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

தராசின் மறுதட்டு

மறுபக்கம் உள்ள கணக்கையும் பார்க்க வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் 2011-12 ஆண்டறிக்கையின்படி, நாட்டுக்கு வந்த வெளிநாட்டு நன்கொடை சுமார் 11,500 கோடி ரூபாய். தில்லிக்கு அடுத்தபடியாக அதிக நிதி பெற்ற மாநிலம் தமிழகம். நன்கொடையாளர் வரிசையில் முதலிடத்தில் இருந்தது கம்பேஷன் இன்டர்நேஷனல். பெறுவோர் வரிசையில் முதலிடம் சுமார் 233 கோடி ரூபாய் பெற்ற வேர்ல்ட் விஷன். பள்ளிக் கட்டணமாகவும் மருந்தாகவும் மாலை நேர வகுப்பாகவும் ஏழைகளைச் சென்றடைந்தவற்றில் கணிசமான பகுதி இந்த வழியே வந்தது.

அந்தப் பணம் பயன் தந்ததா? கம்பேஷன் அமைப்பின் குழந்தை ஆதரவுத் திட்டத்தை இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஆராய்ந்த பொருளியல் ஆய்வு ஒன்று 2013-ல் ஓர் அமெரிக்க ஆய்விதழில் வெளியானது. உதவி பெற்ற குழந்தைகள் மற்றவர்களைவிட ஓராண்டுக்கும் சற்று அதிகமாகப் பள்ளியில் படித்தனர் என்றும், உயர்நிலைக் கல்வியை முடிக்கும் வாய்ப்பும் அவர்களிடையே குறிப்பிடத்தக்க அளவு கூடியது என்றும் அது கண்டறிந்தது. வளர்ச்சித் திட்டங்களில் இத்தகைய அளவிடத்தக்க பலன் அரிது. கம்பேஷன் ஆண்டுதோறும் இந்தியாவுக்கு அனுப்பிய சுமார் 4.5 கோடி டாலர் நின்றபோது, அந்த இடத்தை நிரப்பும் திட்டம் எதனையும் அரசு அறிவிக்கவில்லை.

நடைமுறையில்தான் குறை

அரசின் நோக்கத்தைவிட அதன் நடைமுறையே அதிகக் கவலை தருகிறது. பதிவை ரத்துசெய்யும் முன் விளக்கம் அளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் முன் அனுமதிப் பட்டியலில் சேர்ப்பதும், புதுப்பிக்க மறுப்பதும் ஏறக்குறைய ரத்துக்கு இணையான விளைவையே தருகின்றன. "பாதகமான தகவல்கள்" என்ற இரு சொற்களுக்கு மேல் விளக்கம் கிடைப்பதில்லை.

மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி விவகாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. "பாதகமான தகவல்கள்" காரணமாகப் பதிவு புதுப்பிக்கப்படவில்லை என்று அமைச்சகம் கூறியது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. இரண்டு வாரங்களுக்குள், 2022 ஜனவரி முதல் வாரத்தில், பதிவு திரும்ப வழங்கப்பட்டது. அந்தத் தகவல்கள் என்ன, அவை பொய்த்தனவா, திருத்தப்பட்டனவா என்பது மக்களுக்குச் சொல்லப்படவில்லை. அன்னை தெரசாவின் பெயருக்கு உள்ள பலம் அந்தச் சபையைக் காத்தது. அத்தகைய பெயர் இல்லாத சிறு அமைப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கிறிஸ்தவ அமைப்புகள் மட்டுமே பாதிக்கப்பட்டன என்று சொல்வதும் உண்மையாகாது. கிரீன்பீஸ் இந்தியா, தில்லியின் கொள்கை ஆய்வு மையம் போன்ற மதச்சார்பற்ற அமைப்புகளும் பதிவை இழந்தன. கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலான காலத்தில் பதிவு ரத்தான அமைப்புகள் 20 ஆயிரத்துக்கும் மேல். இவற்றில் கணக்குத் தாக்கல் செய்யாதவை ஏராளம். ஆனால் கணக்குத் தராதவரையும், கணக்குத் தந்தும் சந்தேகத்துக்கு ஆளானவரையும் ஒரே பட்டியலில் வைத்தால் உண்மையான குற்றவாளியும் தப்பிவிடுகிறான்.

இதில் வெளியுறவுக் கோணமும் உண்டு. 2016 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வெளியுறவுக் குழு கம்பேஷன் விவகாரத்தை விசாரித்தது. இது உள்நாட்டுச் சட்டத்தின் அமலாக்கம் என்பதே இந்தியாவின் பதில். அந்தப் பதில் சரியானதே. ஆனால் காரணம் கூறும் உத்தரவு ஒன்று கையில் இருந்திருந்தால் அது இன்னும் வலுவாக ஒலித்திருக்கும். வெளிநாட்டு இந்தியர்களிடம் நிதி திரட்டும் சேவா இன்டர்நேஷனல், ஏகல் வித்யாலயா போன்ற இந்து அமைப்புகள் அமெரிக்காவில் சட்டப்படி இயங்குகின்றன. இங்கே பின்பற்றும் அளவுகோலை நாளை அங்கே எவரேனும் கையில் எடுத்தால், புகார் சொல்ல இடமிருக்காது.

மிஷன்கள் சொல்ல வேண்டிய பதில்

அரசை மட்டும் குறைகூறி மிஷன்கள் ஒதுங்கிவிட முடியாது. ஒரு வெளிநாட்டுக் குடும்பம் ஓர் இந்தியக் குழந்தையை மாதச் சந்தாவில் "ஆதரிக்கும்" முறையில், பணம் நின்ற மறுநாளே குழந்தை அநாதரவாகிறது. ஐம்பது ஆண்டுக்காலப் பணிக்குப் பிறகும் உள்நாட்டிலேயே நிதி திரட்டித் தாக்குப்பிடிக்கும் அமைப்பை உருவாக்க ஏன் இயலவில்லை என்ற கேள்விக்கு அவை பதில் சொல்ல வேண்டும்.

மாற்று வழி இருப்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. ஸ்பெயினிலிருந்து 1952-ல் இயேசு சபை உறுப்பினராக வந்த வின்சென்ட் பெரர், மகாராஷ்டிரத்தில் விவசாயிகளுக்குக் கிணறு வெட்ட உதவினார். 1968-ல் அவரை வெளியேற்ற உத்தரவிடப்பட்டபோது ஆயிரக்கணக்கான விவசாயிகள் அவருக்காக ஊர்வலம் சென்றனர். இந்திரா காந்தி அவரைத் திரும்பி வர அனுமதித்தார். சபையிலிருந்து விலகிய அவர், 2009-ல் மறையும் வரை ஆந்திரத்தின் வறண்ட அனந்தப்பூரில் பணியாற்றினார். ஒரிசாவில் 1999-ல் கணவரையும் இரு மகன்களையும் எரித்துக் கொன்ற பிறகும் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸுக்கு 2005-ல் பத்மஸ்ரீ விருது வழங்கியதும் இந்திய அரசுதான். மதப் பரப்புரையையும் மனிதத் தொண்டையும் பிரித்தறியும் திறன் இந்த அரசமைப்புக்கு இல்லாமல் இல்லை.

தேவைப்படுவது புதிய சட்டம் அல்ல. மூன்று எளிய நடைமுறைகள். பதிவை மறுக்கும் ஒவ்வோர் உத்தரவிலும் காரணம் எழுதப்பட வேண்டும். அதனை எதிர்த்து முறையிட, அமைச்சகத்துக்கு வெளியே ஒரு தீர்ப்பாயம் வேண்டும். நிதி நிறுத்தப்படும் முன், பயனடைவோரை மாநில அரசின் திட்டங்களுக்கோ வேறு அமைப்புகளுக்கோ மாற்ற ஓராண்டு அவகாசம் வேண்டும்.

மதமாற்றம் குறித்த விவாதம் தேர்தலுக்குத் தேர்தல் தொடரும். அதற்கிடையே, இரவல் பணத்தில் படித்துக்கொண்டிருந்த குழந்தையின் பள்ளிக் கட்டணத்தை ஜூன் மாதம் யார் கட்டுவது என்ற கேள்விக்கு, 2017-ல் தில்லியிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த பதிவு ரத்தாகும் முன்னராவது அந்தப் பதில் தயாராக இருக்க வேண்டும்.