அலுமாரிக்குள்ள இருந்த படுக்கை விரிப்புகள்

போன வருஷம் நாங்கள் ஆறு பேர் சனிக்கிழமைகளில் ஒரு சிறுவர் இல்லத்துக்குப் பாடம் சொல்லிக்குடுக்கப் போய்வந்தோம். ஒருநாள் போனால் படிப்பு இல்லை. "திங்கட்கிழமை திணைக்களத்தால பாக்க வருகினம், நீங்களும் ஒரு கை குடுங்கோ" என்றார் பொறுப்பாளர். நாங்களும் குடுத்தோம். சுவருக்கு வெள்ளையடிச்சு, பட்டாம்பூச்சி கீறினோம். பூட்டிக்கிடந்த அலுமாரியில இருந்து புதுப் படுக்கை விரிப்புகள் வெளியில வந்தன. அடுத்த சனிக்கிழமை அவை திரும்ப அலுமாரிக்குள்ள. ஒரு சின்னப்பெடியன் கேட்டான்: "அக்கா, அவையள் திரும்ப எப்ப வருவினம்?"

எங்களிட்ட பதில் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1941 ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம் இல்லங்களைப் பதிவு செய்யவும் பரிசோதிக்கவும் சொல்லுது. 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு அந்த வேலை மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களங்களின் கையில். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 25ஆவது உறுப்புரையோ, பராமரிப்பில் வைக்கப்பட்ட பிள்ளையின் நிலையைக் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யச் சொல்லுது. கட்டடத்தை அல்ல, பிள்ளையை.

நாள் சொல்லிப்போட்டு வந்தால் கட்டிலை எண்ணலாம், மலசலகூடத்தை எண்ணலாம். பொறுப்பாளர் பக்கத்தில நிக்கேக்க "இங்க எப்படி?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "நல்லம்" என்றுதான் சொல்லும். இரவு அங்க படுக்கப்போறது அந்தப் பிள்ளைதானே.

எல்லா இல்லமும் மோசம் என்று நாங்கள் சொல்ல வரேல்ல. நன்கொடையை நம்பி, கடன்பட்டுப் பிள்ளையளைப் பாக்கிற இடங்களும் இருக்கு. நன்னடத்தை உத்தியோகத்தர்களுக்கும் நீதிமன்றம், தத்தெடுப்பு, இல்லங்கள் என்று எல்லாம் ஒரே தலையில. ஆனால் சொல்லாமல் வாறதுக்குக் கூடுதல் காசு வேண்டாம். பிள்ளையோட தனியக் கதைக்க ஒரு மரநிழல் போதும். தாயோ தகப்பனோ உயிரோட இருந்தும், வீட்டு வறுமையால இல்லத்துக்கு வந்த பிள்ளையள் பலர். "இந்தப் பிள்ளை ஏன் இன்னும் இங்க?" என்ற கேள்வியும் ஒவ்வொரு பரிசோதனையிலும் கேட்கப்பட வேண்டும்.

அந்தப் பட்டாம்பூச்சியைக் கீறினது நாங்கள்தான். பாக்க வந்தவை அதைப் பாத்துச் சந்தோஷப்பட்டிருப்பினம். அடுத்தமுறை ஆரும் எங்கட கையில தூரிகையைத் தந்தால், முதல்ல ஒன்று கேக்கவேணும்: அந்த அலுமாரித் திறப்பு ஆரிட்ட இருக்கு?