இமையை உயர்த்தியதும் மூச்சை நிறுத்துவதும்

1934-இல் லண்டனின் கிரீனிச் பகுதியில், தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோயால் இமை தொங்கிப்போன ஒருவருக்கு மருத்துவர் மேரி வாக்கர் ஃபைசோஸ்டிக்மைன் ஊசி போட்டார். இமை உயர்ந்தது, மருந்தின் வீரியம் தணிந்ததும் மறுபடி சரிந்தது. ஆப்பிரிக்காவின் கலபார் கொட்டையில் உள்ள நஞ்சுதான் அந்த மருந்து. நரம்பு முனையில் சுரக்கும் அசிடைல்கோலின், தசையை இயங்கச் சொல்கிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைப்பது கோலினெஸ்டெரேஸ் என்னும் நொதி. அந்த நொதியைக் கொஞ்ச நேரம் அடக்கிவைத்தால் சோர்ந்த தசைக்குத் தெம்பு வரும். அல்சைமர் நோய்க்கு டோனெபெசில் கொடுப்பதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான். மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகளோ அதே நொதியைப் பிடித்தால் எளிதில் விடுவதில்லை. அவற்றை விழுங்கியவரின் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். வாயில் நுரை தள்ளும். நுரையீரலில் சளிநீர் கோத்துக்கொள்ளும். மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். நெஞ்சில் நீர் வற்றும்வரை அட்ரோபின் என்னும் முறிமருந்தை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிராமத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் பல உயிர்கள் போய்விடுகின்றன. 2013-இல் பீகாரில் மோனோகுரோட்டோபாஸ் கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பள்ளிக் குழந்தைகள் மாண்டார்கள். எச்சரிக்கைச் சீட்டும் கையுறையும் போதும் என்று இனியும் சொல்வது அநியாயம். பூச்சிக்கொல்லியைக் குடிக்கத் தூண்டும் தற்கொலை எண்ணமும் பெரும்பாலும் ஒருபொழுது ஆவேசம். அந்தப் பொழுதில் கைக்கு எட்டுவது எது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. கொடிய நஞ்சுகளைக் கடையிலிருந்தே அகற்ற வேண்டும். இலங்கை 1995-இல் மோனோகுரோட்டோபாஸைத் தடை செய்தது. அடுத்த ஆண்டுகளில் அங்கே தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. நெல் விளைச்சல் குறையவில்லை.