எலி வளையானாலும்

மணியாச்சிப் பக்கம் உளுந்தும் பாசியும் அறுத்து முடித்த கரிசல் காட்டில் நடந்தால் வெடிப்புகளுக்கிடையே எலி வளைகளைக் காணலாம். 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்ற பழமொழி இப்படியொரு காட்டில்தான் பிறந்திருக்க வேண்டும்; வரப்பெலி பெரும்பாலும் தனித்தே வாழ்வது.

ஆய்வக எலியின் கதை வேறு. (வெள்ளெலி என்று எழுதத் தயக்கம், கரிசலில் அந்தப் பெயருக்கு உரிய எலி வேறு.) அது கூட்டமாக வாழும் பழுப்பு எலியின் வழித்தோன்றல். 1906இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் தொடங்கிய வம்சம் இன்று நம் மருந்தியல் கல்லூரிகள் வரை வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து மடிந்ததால் அதற்கு மண் மறந்துவிட்டது என்பார்கள். மறக்கவில்லை. வெளுத்த எலிகளை மண்ணில் விட்டபோது அவை காட்டெலிகளைப் போலவே வளை தோண்டியதை 1977இல் பாய்ஸ் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். 2016இல் கனடாவின் மகோவ்ஸ்கா, வீரி இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் உறுத்துகிறது. இடம் கொடுத்தால் எலிகள் நாள்தோறும் தோண்டுகின்றன, ஏறுகின்றன, பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கின்றன. வழக்கமான கூண்டின் கூரையோ வளர்ந்த எலியை நிமிரவே விடுவதில்லை.

ஆய்வே கூடாதென்று நான் வாதிடவில்லை. என் வீட்டு மருந்துப் பெட்டி சிரிக்கும். ஆனால் கூனிக் கிடக்கும் உடம்பில் எடுத்த அளவுகள் எந்த அளவுக்கு நம்பகமானவை என்ற ஐயம் எனக்குண்டு. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் வலியைக் குறைக்கச் சொல்வதோடு நிற்காமல் உயரமான கூண்டையும், துணைக்கு இன்னோர் எலியையும், தோண்ட ஒரு பெட்டி மண்ணையும் கட்டாயமாக்க வேண்டும். செலவு கூடும். கூடட்டும்.