நோன்பும் தசையும்

ரம்ஜான் மாதத்து மாலை வேளையில் ஆம்பூர் வீதிகளில் நடந்தால், நோன்புக் கஞ்சியின் மணம் நம்மை எதிர்கொள்ளும். பாலாற்றங்கரையில் வேலூர் முதல் வாணியம்பாடி வரை தோல் பதனிட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். பகலெல்லாம் நீரும் அருந்தாமல் உழைக்கும் தொழிலாளியின் தேகம் க்ஷீணித்துவிடாதா என்று நேயர்கள் கவலைப்படக்கூடும்.

அவன் கையாளும் தோலும் புரதம்; அவன் தசையும் புரதம். ஆனால் பதனிட்ட தோல் மாறாமல் கிடக்கும். உயிருள்ள தேகத்திலோ இடிப்பதும் கட்டுவதும் ஓயாமல் நடக்கின்றன. வளர்ந்த மனிதன் உடலில் தினந்தோறும் சுமார் 250 முதல் 300 கிராம் புரதம் சிதைந்து மீண்டும் உருவாகிறது. கொழுப்பைச் சேமிக்கத் தேகத்தில் இடமுண்டு. புரதத்துக்குத் தனிக் களஞ்சியம் கிடையாது.

ஆகாரம் உட்சென்றதும் இன்சுலின் சுரக்கிறது. ரத்தத்தில் அமினோ அமிலங்கள் பெருகுகின்றன. தசையில் கட்டும் வேலை மும்முரமாகிறது. ஆகாரம் நின்றால் அவ்வேலை தளர்கிறது. உபவாசம் நாட்கணக்கில் நீடித்தால் தசைப் புரதமே கரைந்து, கல்லீரலில் சர்க்கரையாக மாறி மூளைக்குச் செல்கிறது. அப்பொழுது தினம் சுமார் 75 கிராம் புரதம் செலவாகும். பிறகு தேகம் சிக்கனம் பயில்கிறது. கொழுப்பிலிருந்து பிறக்கும் கீட்டோன்களை மூளை ஏற்றுக்கொள்வதால், சில வாரங்களில் அச்செலவு சுமார் 20 கிராமாகக் குறைகிறது. 1943-ஆம் வருஷம் ஆகாகான் மாளிகையில் காந்தியடிகள் 21 நாள் உபவாசம் இருந்தார். அத்தகைய நீண்ட விரதங்களை மனித தேகம் தாங்குவது இந்தச் சிக்கனத்தினாலேயே.

ரம்ஜான் நோன்போ பகலோடு முடிவது. கல்லீரலில் சேமித்த சர்க்கரையே பெரும்பாலும் அந்நேரத்துக்குப் போதும். இரவு உணவும் ஸஹர் உணவும் நன்றாயிருந்தால், தளர்ந்த கட்டுமானம் மறுபடி நிமிரும். நோன்புக் கஞ்சியில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்வது எவ்வளவு பொருத்தம்! அரிசியில் குறைவான லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவானதை அரிசி தருகிறது. நோயாளிக்கு மார்க்கமே விலக்கு அளித்திருப்பதையும் நாம் மறக்கலாகாது.

ஆகவே, நாம் அஞ்ச வேண்டியது நோன்பையன்று. கூலி போதாமல் பருப்பும் முட்டையும் வாங்க இயலாத வீட்டில், வருஷம் முழுவதும் தசை கரைகிறதே, அதைத்தான். விரும்பி ஏற்ற நோன்பு அஸ்தமனத்தில் முடிகிறது. வறுமை விதித்த நோன்பை முடித்துவைப்பது நம் எல்லோருடைய பொறுப்பு.