நிறை குறைப்பு வியாபாரமும் நீரிழிவு நோயாளரும்

"ஒரு மாதத்திற் பத்துக் கிலோ குறையும், சீனி வியாதியும் ஓடிவிடும்" என்ற வாக்குறுதி இன்று கைப்பேசி புகுந்த வீடெங்கும் புகுந்திருக்கின்றது. சாவகச்சேரிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரரும் அதைக் காண்கின்றார். நாள் முழுதும் மேசையின் முன் இருந்து எழுதும் உத்தியோகத்தரும் காண்கின்றார். பாலிற் கரைத்துக் குடிக்கும் மாப்பேணி, மூலிகைத் தேநீர், மாதக் கட்டணத்துக்கு ஆலோசனை கூறும் சங்கம் என வேடங்கள் பல. வாங்குபவருக்கு நீரிழிவு உண்டா, உண்டெனில் என்ன குளிசை எடுக்கின்றார் என்று விசாரித்த பின்னர் விற்பவர் எத்தனை பேர்? 2005-2006இல் நடந்த ஆய்வின்படியே இலங்கையில் வளர்ந்தோருட் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவாளர். பின் வந்த கணக்குகள் அதனிலும் கூடியவை. ஆகவே இக்கேள்வி அற்பமானதன்று.

நிறை குறைப்பது வீண் என்று நாம் வாதிட வரவில்லை. அதற்கு மாறான சான்று கண்முன் இருக்கின்றது. ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்தின் ரைன்சைட் பகுதியிலும் ஏறத்தாழ 300 நீரிழிவாளரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி கொண்ட மாக்கரைசலையே உணவாகக் கொண்டு, பின்னர் படிப்படியாகச் சாதாரண உணவுக்குத் திரும்பியவர்களுள் நூற்றுக்கு 46 பேர், ஓராண்டு முடிவிற் குளிசை எதுவுமின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே நின்றனர். வழக்கமான சிகிச்சை பெற்றோருள் அந்நிலை அடைந்தவர் நூற்றுக்கு 4 பேரே. அங்கும் பயன்பட்டது கொம்பனி தயாரித்த மாதான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், வியாபாரி அந்த 46ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மிகுதியை விட்டுவிடுகின்றார். அந்த ஆய்விற் சேர்க்கப்பட்டவர்கள் நோய் கண்டு ஆறாண்டுக்கு உட்பட்டவர்கள், தடித்த உடலினர். இன்சுலின் ஏற்றுவோர் சேர்க்கப்படவேயில்லை. முதல் நாளிலேயே நீரிழிவுக் குளிசைகளும் இரத்த அழுத்தக் குளிசைகளும் வைத்தியரின் பொறுப்பில் நிறுத்தப்பட்டன. தாதியரோ உணவியலாளரோ தொடர்ந்து கண்காணித்தனர். இத்தனையும் செய்தும் இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. கண்காணிப்பு இல்லாத இடத்தில் என்ன எஞ்சும்?

குளிசையைப் பற்றி ஏன் இத்துணை வற்புறுத்துகின்றோம் எனில், உயிராபத்து அங்கேதான் இருக்கின்றது. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள், நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. காலையில் வழக்கமான குளிசையை விழுங்கிவிட்டுப் பிட்டுக்குப் பதிலாக ஒரு குவளை மாக்கரைசலைக் குடித்துத் தோட்டத்தில் இறங்கும் கமக்காரருக்குப் பத்து மணிக்குள் வியர்த்துக் கொட்டலாம், கை நடுங்கலாம், நினைவு தடுமாறலாம். வெயிலின் களைப்பென்று பக்கத்தில் நிற்பவர் எண்ணுவார். கண்டி வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்பவருக்கு அதே நிலை வந்தால் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ? எம்பாகிளிபுளோசின் வகைக் குளிசை எடுப்பவர் சோற்றை அறவே விட்டால், சீனி அளவு பெரிதும் ஏறாதபோதே குருதியில் அமிலம் பெருகும் வேறோர் ஆபத்தும் உண்டு.

இன்னொன்று. நம்மவருள் நீரிழிவாளர் அனைவரும் பருத்தவர் அல்லர். மெலிந்த உடலுடன் ஆண்டுக்கணக்கில் நோயோடு வாழ்பவர் பலர். அத்தகையவருக்கு நிறை தானாகவே குறைவது இன்சுலின் போதாமையின் அடையாளமாகவும் இருக்கலாம். தராசைக் காட்டி அவரை வாழ்த்தும் முகவர், அவசர சிகிச்சை வேண்டியவரைத் தாமதப்படுத்துகின்றார்.

மூலிகை என்ற பெயரும் காவலன்று. சிபுற்றமின் என்னும் நிறை குறைப்பு மருந்து, இருதயத்துக்கு ஆபத்தானது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டது. அதன் பின்னரும் 'மூலிகை' என்று விற்ற பொருட்களில் அது பெயர் சொல்லாமற் கலந்திருக்கக் கண்டுபிடித்தார்கள். (வீட்டுப் பாகற்காயைக் கறியாக்கி உண்பவரை இங்கே யாரும் குறை சொல்லவில்லை.)

பணங்கொடுத்தே ஒரு திட்டத்திற் சேர விரும்புவோர், என் குளிசையை யார் மாற்றியமைப்பார் என்பதையே முதலிற் கேட்க வேண்டும். "குளிசை தேவையில்லை" என்ற மறுமொழி வருமாயின் அவ்விடத்தை விட்டு எழுந்துவிடலாம். பேணி முடிந்த பின் சோறும் இடியப்பமும் எந்த அளவில் உண்பது என்பதற்கு அவர்களிடம் விடை உண்டா என்றும் கேட்க வேண்டும். வாழ்நாள் முழுதும் பேணி வாங்க எவராலும் இயலாது. சென்னையில் 531 பேரைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாப்பேணி எதுவும் இல்லை. நீரிழிவின் வாயிலில் நின்ற அவர்களுள் வெறும் பொது அறிவுரை பெற்றோரில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயாளராயினர். நடையும் உணவுத் திருத்தமும் பழக்கப்பட்டோரில் 39 பேரே ஆயினர். நம்மைப் போலச் சோறு உண்பவர்கள்தாம் அவர்களும்.

பிரித்தானியாவில் 2020 முதல் அரசாங்க வைத்திய சேவையே, தெரிந்தெடுத்த நீரிழிவாளருக்கு இத்தகைய மாக்கரைசல் திட்டத்தை இலவசமாக அளிக்கின்றது. நடத்துபவை கொம்பனிகள்; நிபந்தனை விதிப்பது அரசாங்கம். குடும்ப வைத்தியர் மருந்தைத் திருத்திய பின்னரே முதற் பொட்டலம் கைக்கு வரும். லண்டனிலுள்ள நம் பிள்ளைகள் அன்போடு ஊருக்கு அனுப்பும் பேணியுடன் அந்த வைத்தியர் வருவதில்லை.

நீரிழிவாளருக்கு நிறை குறைப்புத் திட்டம் விற்கும் எவரும், பதிவுபெற்ற வைத்தியர் ஒருவரைப் பொறுப்பாளராகக் காட்ட வேண்டும் என்ற விதியை நம் பிரதிநிதிகள் கொழும்பிற் கோர வேண்டும். ஆதார வைத்தியசாலை தோறும் உணவியலாளர் ஒருவர் நீரிழிவு கிளினிக்கில் இருத்தல் வேண்டும். நகரசபைக்கும் இதிற் பங்குண்டு: மாலையில் அச்சமின்றி நடக்க வெளிச்சமுள்ள பாதையும், வாரமொரு முறை நிறையும் இடைச்சுற்றும் அளக்க ஓரிடமும் பெருஞ்செலவில் முடிவன அல்ல.

அதற்கிடையில், பேணியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் அதைத் திறவாமலே சாவகச்சேரி வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்று, கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் அதன் பக்கத்தில் வைத்து வைத்தியருக்குக் காட்டட்டும். அவர் சொல்லுமுன் குளிசையை நிறுத்தவும் வேண்டாம். சோற்றை விடவும் வேண்டாம்.